கவிழ்த்தாலும் விழாத தயிர்

நான் இப்போது இருக்கிற நகரத்தில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. அதிலொன்றில், குளிர்பெட்டிக்குள், பிளாஸ்டிக் கிண்ணத்தில் மட்டக்களப்புத் தயிர் என்று ஒட்டி விற்கிறார்கள். மூடியில் எருமையின் படம்கூட இருக்கிறது. வாங்கிவந்து திறந்தால் மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கரண்டியைப் போட்டால் அது பாட்டுக்கு உள்ளே போய்விடுகிறது. அந்த எருமை படம் எடுக்க மட்டும் வந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தயிர் எண்டா எல்லாம் தயிர்தானே" என்பார். மற்றபடி நல்ல மனிதர்.

தயிர் விஷயத்தில் இப்படி வாய் காட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. சண்டைக் காலத்தில், ஒரு கலியாணம் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, எருமைப்பால் நிறைந்த மண்முட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆமியின் சோதனைச் சாவடியைத் தாண்டியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எங்கள் வீடும் பள்ளிக்கூடமும் சந்தையும் எழுவான்கரையில் இருந்தன. வயலும் மாடும் படுவான்கரையில். சண்டை வந்த பிறகு இந்தக் கரை ஆமியின் கையிலும் அந்தக் கரை இயக்கத்தின் கையிலும் போனது. நடுவில் ஆறு வழக்கம்போல மீனும் இறாலுமாகக் கிடந்தது.

எங்கள் பக்கத்து முறைப்படி வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் அம்மாவின் அப்பா செத்தபோது வீடு அம்மாவுக்கு என்றும், எருமைப் பட்டி அம்மாவின் ஒரே தம்பிக்கு என்றும் ஆனது. அந்தத் தம்பிதான் என் மாமா. படுவான்கரையில் வயல்வெளியோரம் வாடி என்று நாங்கள் சொல்லும் ஓலைக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, எருமைகளோடு இருந்தார். கரைகள் இரண்டாகப் பிரிந்தபோது அவர் அந்தப் பக்கமாகவே அகப்பட்டுப் போனார். அம்மாவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்ப்பது மழை பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

மாமாவுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு பெண் பேசினார்கள். பிறகு எனக்கு மாமியானவர். அவருடைய அப்பா ரெயிலில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைக் கார்ட் ஐயா என்பார்கள். இலங்கையில் தண்டவாளம் போன இடமெல்லாம் போய், போன இடமெல்லாம் சாப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுதிவைத்திருந்த மனிதர்.

"யாழ்ப்பாணத்தான் கூழ் காய்ச்சினா நான் கும்பிட்டுக் குடிப்பன்" என்று தொடங்குவார். "மலைநாட்டான்ட தேத்தண்ணிக்கு ஒண்டும் சொல்லேலா. மறுகா, நண்டு எண்டா அது பெரியகல்லாத்து நண்டு. தயிரெண்டா ஆத்துக்கு அங்கால போகவேணும். கொழும்பில தயிரெண்டு தாறானே, அது சுகமில்லாத பாலுகா!"

நல்ல எருமைத் தயிர் என்றால் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழக் கூடாது என்பது அவருடைய சட்டம். உண்மையில் அது எங்கள் ஊர்ச் சட்டமும்தான். மண்சட்டி தயிரின் தண்ணீரை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஆடை மஞ்சளாகத் தடித்துக் கிடக்கும். அந்த ஆடையைச் சிரட்டை அகப்பையால் முதலில் வெட்டுவது விருந்தாளிக்காகத்தான் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் ஒரு விரல்கூட வைத்திருக்கக் கூடாது.

மாமா தன்னைக் காட்டிக்கொள்வதற்காக முதல் தடவை வந்தபோது நல்ல ஒரு சட்டித் தயிரோடுதான் வந்தார். ஆற்றைக் கடந்து இறங்கிய இடத்திலேயே ஆமியின் சென்ரி, அந்தச் சோதனைச் சாவடி. அங்கே அரிசி மூட்டை, மீன் கூடை, பாய்ச் சுருள் எல்லாவற்றையும் ஒரு நீண்ட இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விடுவார்கள். தயிர்ச் சட்டியையும் குத்தினார்கள். ஆடை கிழிந்து, கட்டி உடைந்து, தயிர் தண்ணீர் விட்டது. மாமாவை அங்கேயே ஒரு மரத்தடியில் பின்னேரம் வரைக்கும் இருத்தி வைத்தார்கள். கேள்விப்பட்டு அம்மா தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் ஓடினார். கடைசியில் சட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாமாவை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அந்தச் சட்டியைக் கார்ட் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். கார்ட் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டிக்குள் பார்த்தார்.

"பிள்ளை, இது குடிக்கிறதா திங்கிறதா?" என்று கேட்டார்.

அதோடு விட்டாரா? சங்கக்கடை வரிசையில், முடிவெட்டுகிற கடையில், துறையில் என்று கண்ட கண்ட இடமெல்லாம் நின்று ஒரே பேச்சு. "தயிர்ச்சட்டியைக் கவிழ்த்துக் காட்டுற மாப்பிள்ளைக்குத்தான் என்ட மகள். இல்லாட்டி அவள் வீட்டில இரிக்கட்டும்." ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. துறையில் சொன்ன கதை ஆற்றுக்கு அக்கரையிலும் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்குத் 'தயிர் மாப்பிள்ளை' என்று பட்டமே விழுந்துவிட்டதாக அக்கரைக்குப் போய்வந்த பெண்கள் சொன்னார்கள்.

எனக்குக் கார்ட் ஐயாவைக் கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்தது. இவ்வளவு வயதான மனிதர் தயிருக்காக ஒரு கலியாணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று ஆத்திரம். அம்மா வேறு, அடுப்படியில் இருந்து அடிக்கடி அழுதார். இந்தத் தயிர் சரிவராவிட்டால் கலியாணம் நடக்காது, அதற்காகத்தான் அம்மா அழுகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

வழி கண்டுபிடித்தவர் மாமாதான். தயிரைக் கொண்டுவந்தால்தானே உடைப்பார்கள்? பாலாகவே கொண்டுவந்தால்? காலையில் கறந்து, காய்ச்சி, ஆறவைத்து, உறை போட்டதும் புறப்பட்டுவிட வேண்டும். ஆறு தாண்டும்போது அது வெறும் பால்தான். கம்பியால் எவ்வளவு குத்தினாலும் பாலுக்கு நோகாது. பெண் வீட்டுக்கு வந்து புதுச் சட்டியில் ஊற்றிவைத்தால் அங்கேயே அசையாமல் உறைந்துகொள்ளும். இந்தச் செய்தி அக்கரைப் பெண் ஒருத்தி மூலம் அம்மாவுக்கு வந்தது. அதைக் கேட்டு நான் முற்றத்தில் குதித்தேன். என் மாமாவைப் போல மூளைக்காரர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

ஆனால் பால் முட்டியை யாராவது பிடித்துக்கொண்டு வரவேண்டும். மாமா சைக்கிள் ஓட்டுவார், முட்டியைப் பிடிப்பது யார்? அம்மா என் பெயரைச் சொன்னதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"புள்ளையை என்னத்துக்கு இதுக்குள்ள இழுக்கிறாய்?"

"புள்ள போனாத்தான் சரி வரும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நாள் கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான். ஒரு முட்டியைச் சிந்தாமல் பிடிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாரே!

பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவும் நானும் அக்கரைக்குப் போனோம். பெண்களும் பிள்ளைகளும் போய்வருவதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆற்றைக் கடப்பது பாதையில். இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்த பெரிய மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். மாமாவின் வாடியில் சுட்ட மீனும் குரக்கன் பிட்டும் தயிருமாக நான் ராசாத்தி மாதிரி இருந்தேன். அம்மா மட்டும் முதல்நாள் பின்னேரமே திரும்பிவிட்டார். போகும்போது என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சென்ரியில இறங்கினதும் மாமாட கையப் பிடிச்சிக்க. என்ன நடந்தாலும் கைய மட்டும் விட்டிராத."

"அப்ப முட்டிய ஆர் பிடிக்கிற?" என்று கேட்டேன்.

"முட்டி போனாப் போகட்டும் மனே. கைய விட்டிராத."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுச் செய்கிற காரியத்தில், முட்டி போனால் போகட்டுமாம்!

மறுநாள் காலையில் மாமா ஒவ்வோர் எருமையாகக் கறந்தார். விறகு அடுப்பில் பால் பொங்கி அடங்கி, விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, பழைய தயிரில் ஒரு சிரட்டை எடுத்துக் கரைத்து ஊற்றினார். முட்டியின் வாயை வாட்டிய வாழையிலையால் மூடிச் சீலையால் கட்டினார். அது முடிந்ததும் புறப்படவேண்டியதுதானே? புறப்படவில்லை. தன்னோடு பட்டி மேய்க்கும் மனிதரைக் கூப்பிட்டு நெடுநேரம் சொல்லிக்கொண்டு நின்றார்.

"கூழைக்கொம்பியை முதல்ல கற. பிந்தினா பாலை ஒளிச்சிப்போடும். சுட்டிக்குக் கால்ல புண் இரிக்கு, வேப்பெண்ணெய் போடு. மாரி துவங்கினா மேட்டுப் பக்கம் சாய்ச்சிரு."

அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பின்னேரம் திரும்பி வரப்போகிறவர் மாரிகாலத்தைப் பற்றி எதற்கு இப்போது பேசுகிறார் என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. அதற்குமேல் அவர் எருமைகளுக்கு நடுவில் போய், ஒவ்வொன்றின் கொம்படியையும் சொறிந்துவிட்டு வந்தார்.

"மாமா, பால் உறைஞ்சிரும்!" என்று கத்தினேன்.

வந்தவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. கட்டம் போட்ட சட்டைக்கு மேலே வெள்ளைச் சட்டை ஒன்றையும் போட்டிருந்தார். கொளுத்துகிற வெயில்.

"என்ன மாமா, ரெண்டு சட்டை?"

"குளிருது புள்ள" என்றார். நெற்றியில் வியர்வை வடிந்தது. பெண் வீட்டுக்குப் போகிற வெட்கத்தில் மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்து, வெதுவெதுப்பான முட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். துறைக்கு முன்னால் இயக்கப் பெடியள் மறித்தார்கள். மாமாவைக் கண்டதும் அவர்களுக்கும் சிரிப்பு.

"ஆ, தயிர் மாப்பிள்ளை! இண்டைக்கா சோதனை?"

"ஓம் தம்பி. கவிழ்த்துக் காட்டிப்போட்டுப் பின்னேரம் வந்திருவன்."

"விழுந்தா எங்களுக்கும் சொல்லுங்க" என்று ஒருவன் கேலி செய்தான். நான் முட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். விட்டுவிட்டார்கள்.

பாதை ஆற்றைக் கடக்கும்வரை மாமா படுவான்கரையைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார். எழுவான்கரையில் இறங்கியதும் எங்களோடு பாதையில் வந்த வாலிபப் பெடியன்கள் இரண்டு பேரை ஆமிக்காரர்கள் ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். எங்கள் முறை வந்தது. ஓர் ஆமிக்காரன் வாழையிலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கிரித?" என்றான். பாலா என்று கேட்கிறான் என்பது எனக்கும் தெரியும். மாமா தலையாட்டினார். அவன் கம்பியைத் தன் காற்சட்டையில் ஒருதரம் துடைத்தான். அந்த மட்டுக்கு நல்லவன். பிறகு முட்டிக்குள் விட்டு அடிவரைக்கும் போய்ச் சுற்றிச் சுற்றிக் கலக்கினான். அவன் எங்கள் உறையை நன்றாகக் கலந்து தருகிறான் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

சிரிப்பு உடனேயே நின்றுவிட்டது. இன்னொரு ஆமிக்காரன் மாமாவைத் தடவிச் சோதித்தான். அவன் கை கழுத்துப்பட்டியில் நின்றது. வெள்ளைச் சட்டைக்குள் இருந்த கட்டச் சட்டையை விரலால் இழுத்துப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். மற்ற இருவரும் நின்ற பக்கம் பார்த்தான். நான் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, முட்டியை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மாமாவின் கையைப் பிடித்தேன். அவருடைய கை நனைந்து சில்லென்றிருந்தது. பால் முட்டி வழுக்கப் பார்த்தது.

"மே கவுத?" என்று ஆமிக்காரன் என்னிடம் கேட்டான். இது யார்?

"மாமா" என்றேன்.

சிங்களத்திலும் மாமா என்றால் மாமாதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னையும் முட்டியையும் மாமாவின் கையையும் பார்த்தான். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, போ என்று கையைக் காட்டினான்.

கார்ட் ஐயா வீட்டு வாசலில் அம்மா நின்றார். மாமாவைக் கண்டதும் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முட்டியை நான்தான் இறக்கிவைத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாலைப் புதுச் சட்டியில் ஊற்றி மூலையில் வைத்தார்கள். கார்ட் ஐயா அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கோழி விரட்டினார். நடந்தால் தரை அதிரும் என்று யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. மத்தியானம் நண்டுக் கறியும் கத்தரிக்காய்ப் பாலாணமும் இறால் பொரியலுமாகச் சாப்பாடு. மாமா மேல்சட்டையைக் கழற்றி அந்த வீட்டு ஆணி ஒன்றில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அப்பாவும் வந்திருந்தார். அம்மா சோறு போட, அப்பா "போதும்" என்றார். கோபம் தீர்ந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்ததும் கார்ட் ஐயா வெள்ளை வேட்டியோடு சப்பாணி கட்டி உட்கார்ந்தார். சட்டியைத் தூக்கி, நேரே தன் மடிக்கு மேலே பிடித்து, மெதுவாகக் கவிழ்த்தார். மாமியாக வரவிருந்தவர் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

விழவில்லை. ஒரு துளி விழவில்லை. கார்ட் ஐயா சட்டியை அப்படியே இப்படியும் அப்படியும் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். நான் கூக்குரலிட்டேன். அவர் ஆடையை வெட்டி முதல் அகப்பையை மாமாவுக்குப் போட்டார். வாழைப்பழமும் சீனியும் வந்தன. மாமா தயிரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரும் பார்க்காத நேரம் முழுவதையும் என் கோப்பையில் தள்ளிவிட்டார். எருமையோடு இருக்கிறவருக்குத் தயிர் அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்து, அதையும் சாப்பிட்டேன். அப்படிப்பட்ட தயிரை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் எனக்கு நேரம் ஞாபகம் வந்தது.

"மாமா, சுறுக்கா எழும்புங்க. கடைசிப் பாதை விட்டிரும். பின்னேரம் வாறதெண்டு சொன்னீங்களே!"

மாமா எழுந்து முற்றத்துக்குப் போனார். படுவான்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. காலையில் எருமைகளை யார் கறப்பது, பெடியளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று நச்சரித்தேன். அம்மா என் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை தயிர் போட்டு வாயை அடைத்தார். மாமாவின் சட்டை அந்த ஆணியிலேயே தொங்கியது. அதற்குப் பிறகு அது அந்த ஆணியில்தான் தொங்கியது. அடுத்த நாளே கார்ட் ஐயா தன் பழைய ரெயில்வே மரியாதையையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு, மாமாவைக் கூட்டிப்போய் எழுவான்கரை ஆளாகப் பதிந்துவிட்டு வந்தார். கலியாணமும் சுருக்கமாக நடந்து முடிந்தது.

ஒரு சொல் அப்பாவிடமிருந்து, ஒரு சொல் மாமியிடமிருந்து என்று சேர்த்துச் சேர்த்துத்தான் பிற்பாடு எனக்கு விளங்கியது. அக்கரையில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இக்கரையில் தனியாக வந்திறங்கும் வாலிபனை நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தி வைத்தவர்களில் சிலர் வீடு வந்து சேர்வதில்லை. இந்தப் பக்கம் வர அந்தப் பக்கம் விடாது. வந்தால் இந்தப் பக்கம் நம்பாது. ஆனால் இரண்டு கரையும் சிரிக்கிற ஒரு தயிர்க் கதைக்கு அரை நாள் அனுமதி கிடைத்தது. சங்கக்கடையில் நின்று கார்ட் ஐயா கத்தியதெல்லாம் அதற்காகத்தான். அம்மா அவர் காலில் விழுந்து கேட்டாராம். கவிழ்த்துக் காட்டியது மட்டும் அவருடைய சொந்த ஆசை.

மாமா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். சைக்கிள் கடை வைத்து இரண்டு பெண்களைக் கரைசேர்த்துவிட்டார். எருமைகள் அடுத்தடுத்த சண்டைகளில் சிதறிப்போயின. பிறகு அவர் ஓர் எருமைக்கன்றுகூட வாங்கவில்லை. தொலைபேசியில் தயிரைப் பற்றி நான் புலம்பினால், "உன்ட ஆமிக்காரன் கலக்கினதுபோல ஆர் புள்ள கலக்குவான்?" என்று சிரிப்பார்.

அந்த விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், பால் முட்டியைச் சிந்தாமல் கொண்டுவந்து மாமாவின் கலியாணத்தை நடத்திவைத்தவள் நான் என்று வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா அதைத் திருத்தப் போகவில்லை. அம்மாமீது எனக்கு ஒரு குறை மட்டும் நெடுங்காலம் இருந்தது. முட்டி போனால் போகட்டும், கையை விடாதே என்றாரே, அம்மாவுக்குத் தயிரின் அருமை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.